நியமனத்துக்கு இடமில்லாத சபை

1790-இல் அமெரிக்காவின் முதல் காங்கிரஸ் நியூயார்க்கில் கூடியிருந்தபோது, வர்ஜீனியா மாநிலம் இரண்டு பேரை இழந்தது. மார்ச்சில் செனட்டர் வில்லியம் கிரேசன் இறந்தார்; ஜூன் 1-இல் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் தியோடரிக் பிளாண்ட்.

கிரேசனின் இடத்துக்கு ஆளுநர் அதே மாதம் ஜான் வாக்கரை நியமித்துவிட்டார். அப்போது செனட்டர்களைத் தேர்ந்தெடுத்தவை மாநிலச் சட்டமன்றங்கள். அவை கூடாத நாட்களில் ஆளுநர் தற்காலிகமாக ஒருவரை அனுப்பலாம். அப்புறம் சட்டமன்றம் கூடி ஜேம்ஸ் மன்றோவைத் தேர்ந்தெடுத்தது.

பிளாண்டின் இடத்துக்கு இந்த வழி கிடையாது. பிரதிநிதிகள் சபையில் காலியிடம் வந்தால் ஆளுநர் தேர்தலுக்கு உத்தரவிட வேண்டும் என்கிறது அரசமைப்பு. தேர்தல் வைக்கலாம், ஆள் வைக்க முடியாது. எத்தனை நாளுக்குள் என்று அதில் சொல்லப்படவில்லை.

அதற்கு விலை இருந்தது. மாநிலங்களின் போர்க்கடனை மத்திய அரசே ஏற்கும் மசோதா ஜூலையில் நிறைவேறியபோது பிளாண்டின் தொகுதிக்குக் குரலே இல்லை. அதை ஆதரித்த மிகச் சில வர்ஜீனியர்களில் அவர் ஒருவர். இடைத்தேர்தலில் வென்ற வில்லியம் பிராஞ்ச் கைல்ஸ் டிசம்பரில்தான் வந்து அமர்ந்தார். அவரோ, அந்தக் கடன் திட்டத்தை வகுத்த நிதிச் செயலர் ஹாமில்டனின் கடும் எதிரியாக மாறினார்.

தாமதம் உண்மையான குறைதான். ஆனாலும் நியமனத்துக்கு இடம் தராதது சரி என்றே நினைக்கிறேன். காரணம், ஒஹையோ மாநிலத்திலிருந்து பிரதிநிதிகள் சபைக்கு வந்த ஜோஷுவா கிடிங்ஸ்.

1841-இல் வர்ஜீனியாவிலிருந்து நியூ ஆர்லியன்ஸுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அடிமைகள் கிரியோல் கப்பலைக் கைப்பற்றி, பிரிட்டனின் ஆட்சியில் இருந்த பஹாமாஸ் தீவுகளின் நசாவு துறைமுகத்துக்குப் போய்விட்டார்கள். அடிமைமுறை மாநிலச் சட்டத்தில் மட்டுமே நிற்பது, நடுக்கடலில் அது செல்லாது, ஆகவே அவர்கள் குற்றவாளிகள் அல்ல என்று கிடிங்ஸ் தீர்மானங்கள் கொண்டுவந்தார். 1842 மார்ச் 22-இல் சபை, தன் தரப்பைச் சொல்லக்கூட அவரை விடாமல், அவர்மீது கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியது. அவர் உடனே பதவி விலகி, காலியான அதே இடத்துக்குத் தானே போட்டியிட்டார். 1838-இல் அவர் முதன்முதலாக உள்ளே வந்ததும் இடைத்தேர்தலில்தான்.

அந்த இடத்தை ஆளுநர் ஒரு நியமனத்தால் நிரப்பியிருக்க முடியாது; முடிவு தொகுதி மக்களிடம் போனது. அவர்கள் அவரைப் பெரும் வித்தியாசத்தில் வெல்ல வைத்தார்கள். மே 5-இல் அவர் மறுபடி சபையில் அமர்ந்தார்; 1859 வரை அடிமைமுறைக்கு எதிராகப் பேசிக்கொண்டே இருந்தார்.