பாதிரி: எழுத்தில் ஒன்று, பிறப்பில் இரண்டு

கடலூரின் ஒரு பகுதியாகிய திருப்பாதிரிப்புலியூரின் பெயரில் உள்ள ‘பாதிரி’யும், கிறித்தவக் குருவைக் குறிக்கும் ‘பாதிரி’யும் எழுத்தில் சற்றும் வேறுபடாதவை, ஆயினும் இவ்விரண்டுக்கும் எவ்வித உறவும் இல்லை.

முன்னது ஒரு மரத்தின் பெயர். மணம் மிக்க குழல்வடிவப் பூக்களை உடைய இதனைக் குறிஞ்சிப்பாட்டு ‘தேங்கமழ் பாதிரி’ என்று சிறப்பிக்கிறது. வடமொழியில் பாடலி எனப்படுவதும் இதுவே; இவ்வூர்க் கோயிலின் தலமரமும் இதுவாதலால் இறைவன் பாடலீசுவரர் எனப் பெயர் பெற்றார். கல்லோடு பிணித்துக் கடலில் தள்ளப்பட்ட திருநாவுக்கரசர் இங்கே கரையேறினார் என்பது மரபு. 7ஆம் நூற்றாண்டினரான அவர், ‘ஈன்றாளுமாய் எனக்கு எந்தையுமாய்’ எனத் தொடங்கும் பாடலிலேயே ஊர்ப்பெயரை முழுமையாக வைத்துப் பாடியுள்ளார். இன்று பேச்சு வழக்கில் அது ‘திருப்பாப்புலியூர்’ எனச் சுருங்கி, மரத்தின் பெயரில் முதலெழுத்து மட்டும் எஞ்சி நிற்பது வருந்தத்தக்கது.

பின்னது, 1498இல் கோழிக்கோட்டுக் கரையை அடைந்த போர்த்துகீசியரின் மொழியிலிருந்து வந்தது. அவர்கள் குருவை ‘பாத்ரெ’ என்றழைத்தனர். தந்தை என்று பொருள்படும் ‘பாத்தெர்’ என்னும் இலத்தீன் சொல்லே அதன் மூலம். தகரமெய்யும் ரகரமும் அடுத்து நிற்பதைத் தமிழ் ஏற்காமையால் இடையில் இகரம் தோன்றியது; குற்றெகரத்தில் சொல் முடிவதும் தமிழ் இயல்பன்று ஆகையால் ஈறும் இகரமாயிற்று. போர்த்துகீசியரிடமிருந்தே வந்த ‘சாவி’யும் இவ்வாறே இகரத்தில் முடிந்தது. ஆக, அயற்சொல்லை மரத்தின் பெயரோடு ஒன்றாக்கியது தமிழின் ஒலிமரபே.

இதனைப் ‘பலபொருள் ஒருசொல்’ என்பது பொருந்தாது என்பேன். ‘கண்’ என்னும் சொல் விழியிலிருந்து தேங்காயின் கண்ணுக்கு விரிந்ததைப் போல ஒரு பொருள் மற்றொன்றாக இங்கே விரியவில்லை. வெவ்வேறு வேரிலிருந்து வந்து ஓர் உருவத்தில் சந்தித்த இவற்றை ‘ஒப்புருச் சொற்கள்’ என வழங்கலாம். அகராதியிலும் தனித்தனித் தலைச்சொற்களாகவே இவை இடம்பெற வேண்டும்.

எழுதுவோர் மரத்தைப் ‘பாதிரி மரம்’ என்றும், பூவைப் ‘பாதிரிப்பூ’ என்றும் தெளிவாகக் குறிக்கலாம். குருவைச் சுட்ட, ‘ஆர்’ விகுதி சேர்த்துப் ‘பாதிரியார்’ என்பது வழக்கில் உள்ளது. தமிழ்ச்சொல் வேண்டுவோர்க்கு ‘அருள்பணியாளர்’ பொதுவாகப் பொருந்தும். கத்தோலிக்கரிடையே வழங்கும் ‘அருட்தந்தை’யோ மூலச்சொல்லின் தந்தை என்னும் பொருளையும் விடாமல் தருகிறது.