அடித்துவிட்ட கழித்தல் விடை

இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால் இரண்டு விடை வரும். நேரத்தைக் கேட்கும் கணக்கு என்றால், "நேரம் கழித்தலில் வராது" என்று ஒன்றை அடித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவோம். பள்ளியில் நானும் அப்படித்தான் செய்தேன். பாவம், அந்த விடையும் ஏதோ சொல்லத்தான் வந்திருக்கிறது.

குண்டு எறிதலையே எடுத்துக்கொள்வோம். ஆண்களுக்கான குண்டின் எடை 7.26 கிலோ. இத்தனை கனமான பொருளைக் காற்று பெரிதாகத் தடுக்காது என்பதால் கணக்குக்கு வசதி. குண்டு 2 மீட்டர் உயரத்தில், வினாடிக்கு 14 மீட்டர் வேகத்தில், 40 பாகைச் சாய்வில் கையை விட்டுக் கிளம்புகிறது என்று வைப்போம். மேல்நோக்கிய ஓட்டமும் முன்னோக்கிய ஓட்டமும் ஒன்றையொன்று கண்டுகொள்வதில்லை. கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலில் காட்டியது இதைத்தான். ஆகவே வேகத்தை இரண்டாகப் பிரிக்கலாம்: மேலே 9, முன்னே 10.7.

உயரம் = 2 + 9 × நேரம் − 4.9 × நேரம்²

புவியீர்ப்பு முடுக்கமான 9.8இல் பாதிதான் அந்த 4.9. குண்டு தரையைத் தொடும்போது உயரம் பூஜ்யம். தீர்த்தால் 2.04 வினாடி, அப்புறம் −0.2 வினாடி. முதல் விடையை 10.7ஆல் பெருக்கினால் சுமார் 21.8 மீட்டர். இந்தியக் குண்டு எறிதல் வீரர் தஜிந்தர்பால் சிங் தூர் 2023இல் எறிந்தது 21.77 மீட்டர்.

சரி, அந்த −0.2? குண்டின் பாதையான பரவளையத்தைப் பின்பக்கமாக நீட்டிப் பாருங்கள். குண்டு கையை விட்ட இடத்துக்கு 2 மீட்டருக்குச் சற்று அதிகமான தூரம் பின்னால் அது தரையைத் தொடும். அங்கிருந்து 0.2 வினாடி முன்னதாக அதே பாதையில் ஒரு குண்டு கிளம்பியிருந்தால், சரியாக வீரரின் கை இருக்கும் இடத்தைக் கடந்து போயிருக்கும். இரண்டு விடைகளுக்கும் நட்டநடுவில், 0.92ஆவது வினாடியில், பாதையின் உச்சி: 6.1 மீட்டர். கழித்தல் விடையைக் கையோடு வைத்திருந்தால் உச்சிக்குத் தனிக் கணக்கு வேண்டாம்.

45 பாகைதான் சிறந்த கோணம் என்று படித்திருப்போம். கிளம்பும் இடமும் விழும் இடமும் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் அது சரி. இங்கே சிறந்த கோணம் 42.4 பாகை. ஆனால் வேகம் மாறாமல் 40ஐ 45 ஆக்கினால் தூரத்தில் வரும் வித்தியாசம் ஒரு சென்டிமீட்டர்தான்! கோணத்தை விட்டுவிட்டு வேகத்தை 14.5 ஆக்கினால் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் கூடுகிறது. குண்டைச் செங்குத்தாகத் தள்ளத் தள்ளக் கையின் வேகம் குறையும் என்பதால், வீரர்கள் பெரும்பாலும் 40க்கும் கீழே சாய்த்தே எறிகிறார்கள்.