மாடி வீட்டுத் தண்ணீர், கீழ் வீட்டுக் கூரை: குடும்பங்களுக்குப் பொறுப்புக் காப்பீடு தேவையா?

கடந்த மாதம் அசோக் நகரிலிருந்து ஓர் அம்மா தொலைபேசியில் அழைத்தார். சில ஆண்டுகளுக்கு முன் அவர் வீட்டில் திருட்டு நடந்தபோது இழப்பை மதிப்பிடச் சென்றவன் என்ற முறையில் என்னை அவருக்குத் தெரியும். அவருடைய மகன் மேற்படிப்புக்காக ஜெர்மனியின் ஆகன் நகருக்குப் போயிருக்கிறார். அறை வாடகைக்குக் கொடுத்தவர் முதல் வாரத்திலேயே, தனிநபர் பொறுப்புக் காப்பீடு எடுத்தாயிற்றா என்று கேட்டிருக்கிறார். "மெடிக்கல் இன்ஷூரன்ஸ் எடுத்துக் கொடுத்தோம், டிராவல் இன்ஷூரன்ஸ் எடுத்துக் கொடுத்தோம், இது என்ன சார் புதுசா? நம்ம ஊர்ல இப்படி ஒண்ணு இருக்கா, நமக்கும் வேணுமா?" என்று கேட்டார். அன்று அவசரத்தில் சுருக்கமாகச் சொன்ன பதிலை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நான் சென்னையில் காப்பீட்டு இழப்புகளை மதிப்பிடும் சர்வேயராக இருக்கிறேன். பாலிசி விற்பது என் தொழில் இல்லை. வீட்டில் நடந்திருப்பதும் பாலிசியில் எழுதியிருப்பதும் எந்த அளவுக்குப் பொருந்துகின்றன என்று நேரில் பார்த்து அறிக்கை கொடுப்பதே என் வேலை. அந்த வேலையில் திரும்பத் திரும்பக் காண்பது ஒன்று உண்டு. நம் குடும்பங்கள் தமக்கு நேரும் நட்டத்துக்கு ஓரளவு ஏற்பாடு செய்து வைத்திருக்கின்றன. தம்மால் அடுத்தவருக்கு நேரும் நட்டத்துக்கு, வண்டி ஒன்றைத் தவிர, ஏற்பாடே இல்லை.

வண்டிக்கு இருப்பதும் சட்டம் கட்டாயப்படுத்துவதால்தான். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு, மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் பொது இடத்தில் வண்டி ஓட்டக் கூடாது என்கிறது. அதனால் 'தேர்ட் பார்ட்டி' என்ற சொல் சென்னையில் எல்லோருக்கும் தெரியும். நம் கார் இன்னொருவரின் சொத்தைச் சேதப்படுத்தினால் வழக்கமான பாலிசியில் ஏழரை லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. தனிநபர் பொறுப்புக் காப்பீடு என்பது இதே ஏற்பாட்டை வீட்டுக்கும் அன்றாட வாழ்க்கைக்கும் கொண்டுவருவதுதான். நம்முடைய, அல்லது நம் வீட்டாருடைய கவனக்குறைவால் வெளியார் ஒருவருக்குக் காயமோ சொத்துச் சேதமோ ஏற்பட்டு, சட்டப்படி நாம் இழப்பீடு கொடுக்க வேண்டிவந்தால், அந்தத் தொகையையும் வழக்குச் செலவையும் நிர்ணயித்த வரம்பு வரை காப்பீட்டு நிறுவனம் ஏற்கும்.

ஜெர்மனியில் இது பொதுவாகக் கட்டாயமில்லை. ஆனாலும் பெரும்பாலான குடும்பங்கள் வைத்திருக்கின்றன. அந்நாட்டுக் குடியியல் சட்டத்தின் 823ஆம் பிரிவு, வேண்டுமென்றோ கவனக்குறைவாலோ பிறருடைய உயிருக்கும் உடலுக்கும் உடைமைக்கும் தீங்கு செய்தவர் ஈடுசெய்ய வேண்டும் என்கிறது. அதற்கு உச்சவரம்பு இல்லை என்பதே அங்குள்ளவர்களின் கவலை. பெர்லின், ஹாம்பர்க் போன்ற சில மாநிலங்களில் நாய் வளர்ப்பவருக்கு மட்டும் பொறுப்புக் காப்பீடு கட்டாயம். அங்கே படிக்கப் போகும் பிள்ளைகள் இதை எடுத்துக்கொள்வது நல்லது என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

நம் நாட்டிலும் கவனக்குறைவால் பிறருக்குத் தீங்கு செய்தவர் ஈடுசெய்ய வேண்டும் என்பதே சட்டம். இங்கும் உச்சவரம்பு கிடையாது. உயிரிழப்பு நேர்ந்தால் வாழ்க்கைத் துணையும் பெற்றோரும் பிள்ளைகளும் இழப்பீடு கேட்பதற்கு 1855ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. ஆனால் வழக்கு ஆண்டுக்கணக்கில் நீளும். தமிழ்நாட்டில் கேட்கும் தொகைக்கு ஏற்ப நீதிமன்றக் கட்டணமும் கட்ட வேண்டும். 2017இல் அது ஏழரை சதவீதத்திலிருந்து மூன்று சதவீதமாகக் குறைக்கப்பட்டது. எனவே அடுக்குமாடிக் குடியிருப்பில் நடக்கும் பெரும்பாலான சேதங்கள் நீதிமன்றம் வரை போவதில்லை. சங்கச் செயலாளரின் வரவேற்பறையில் பேசித் தீர்க்கப்படுகின்றன. வழக்கு இல்லை என்பதால் செலவும் இல்லை என்று நினைத்துவிடுகிறோம்.

வேளச்சேரியில் நான் பார்த்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். மூன்றாம் மாடியில் இருந்த குடும்பம் இரண்டு நாள் திருப்பதிக்குப் போயிருந்தது. வாஷிங் மெஷினுக்குத் தண்ணீர் வரும் ரப்பர் குழாய், திருகு மறையை ஒட்டிய இடத்தில், விரல் நீளத்துக்கு வெடித்திருந்தது. குழாயைத் திறந்தபடியே விட்டுப் போயிருந்தார்கள். மொட்டை மாடித் தொட்டி காலியாகக் காலியாக மோட்டார் தானாக ஓடி நிரப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. மேல்வீட்டு மரத்தளம் பலகை பலகையாக எழும்பி நின்றது. அவர்கள் வங்கிக் கடனோடு சேர்ந்து வந்த வீட்டுக் காப்பீட்டில் கிளெய்ம் கேட்டிருந்தார்கள். அதற்காகத்தான் நான் போனேன்.

அளவெடுத்து முடித்த பிறகு அந்த வீட்டுக்காரர் என்னைக் கீழ்வீட்டுக்கு அழைத்துப்போனார். விளக்குப் புள்ளிகள் வழியாக இறங்கிய தண்ணீர் ஜிப்சம் கூரையைப் பாதி உதிர்த்திருந்தது. படுக்கையறை அலமாரியின் பிளைவுட் ஊதி, கதவு சாத்த முடியாத நிலையில் இருந்தது. அந்த வீட்டுப் பெண்ணுக்கு அடுத்த மாதம் திருமணம். கட்டிலின் மேல் பட்டுப் புடவைகளை ஒவ்வொன்றாக விரித்துப் போட்டிருந்தார்கள்; அரக்குப் புடவையின் சாயம் பக்கத்திலிருந்த சந்தன நிறப் புடவையில் மடிப்பு மடிப்பாக இறங்கி, மடிப்பு விழுந்த இடங்களில் மட்டும் ஜரிகை பளிச்சென்று தெரிந்தது. அந்த அம்மா யாரையும் திட்டவில்லை. ஒரு புடவையைத் தூக்கிக் காட்டிவிட்டு மறுபடியும் அதே இடத்தில் வைத்தார்.

மேல்வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார்: "இதையும் நம்ம கிளெய்ம்லயே சேர்த்து எழுதிடுங்க சார்." எழுத முடியவில்லை. 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே வடிவில் தரும் 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசி, குழாயும் தொட்டியும் வெடிப்பதால் வரும் சேதத்தை ஏற்கிறது; ஆனால் அது காப்பீடு செய்தவரின் கட்டடத்துக்கும் பொருட்களுக்கும் உரியது. பக்கத்து வீட்டாருக்கு நாம் கொடுக்க வேண்டிய இழப்பீடு அதன் அடிப்படை வடிவத்தில் இல்லை. கீழ்வீட்டாரிடம் அதே பாலிசி இருந்திருந்தால் அவர்களுக்குப் பணம் கிடைத்திருக்கும். அதன்பின் அவர்களுடைய நிறுவனம் அவர்கள் இடத்தில் நின்று மேல்வீட்டாரிடம் வசூலிக்க முயன்றிருக்கலாம். அவர்களிடம் எந்தப் பாலிசியும் இல்லை. சங்கத்தார் முன்னிலையில் பேசி, மேல்வீட்டார் நகையை அடகு வைத்து மூன்று லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகளாகக் கொலுவுக்கு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வந்த குடும்பங்கள் அவை.

பெயரைப் பார்த்து ஏமாறக்கூடிய இடங்கள் சில உண்டு. 1991ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் அபாயகரமான பொருட்களைக் கையாளும் தொழிற்சாலைகளுக்கானது. குடும்பங்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை. சமையல் எரிவாயு விபத்துக்கு எண்ணெய் நிறுவனங்கள் எடுத்துவைத்திருக்கும் பாலிசியில் உயிரிழப்புக்குத் தலா 6 லட்சமும், மருத்துவச் செலவுக்குத் தலா 2 லட்சம் வரையும் உண்டு. சொத்துச் சேதத்துக்கு ஒரு விபத்துக்கு 2 லட்சம் என்பது பதிவு செய்த வாடிக்கையாளரின் முகவரியில் உள்ள சொத்துக்குத்தான். சிலிண்டர் வெடித்து அடுத்த வீட்டுச் சுவர் விழுந்தால் அந்த 2 லட்சத்தை நம்பியிருக்க முடியாது.

நாய் வளர்ப்பவர்கள் இதைத் தனியாக யோசிக்க வேண்டும். 2024 மே மாதத்தில் நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறிய செய்தியை இந்த நகரம் மறந்திருக்காது. வளர்ப்பு விலங்கை அலட்சியமாக வைத்திருப்பதற்குப் குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு ஆறு மாதம் வரை சிறையோ, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. எந்தக் காப்பீடும் சிறையையும் அபராதத்தையும் ஏற்காது. ஆனால் கடிபட்ட குழந்தையின் அறுவைச் சிகிச்சைச் செலவும் அதற்குப் பின்னான இழப்பீடும் வேறு கணக்கு. அதற்குத்தான் இந்தக் காப்பீடு. வளர்ப்பு நாய்களுக்கான பாலிசிகள் சிலவற்றில் மூன்றாம் நபர் பொறுப்பைச் சேர்த்துக்கொள்ள முடியும். குறிப்பிட்ட இனங்களை விலக்கியிருக்கிறார்களா என்பதை வாங்கும் முன்பே கேளுங்கள்.

கடற்கரையை ஒட்டிய திருவான்மியூர், பெசன்ட் நகர் வீடுகளில் ஏசி அவுட்டோர் யூனிட்டைத் தாங்கும் இரும்புச் சட்டங்களை உப்புக் காற்று எப்படி அரித்திருக்கிறது என்று அண்ணாந்து பார்த்தாலே தெரியும். கைப்பிடிச் சுவரின் மேல் வைத்த பூந்தொட்டி, பக்கத்து வீட்டுக் கார் மேல் சாய்ந்து நிற்கும் தென்னை, மழையில் ஊறிய மதில், மூடி சரியில்லாத சம்ப் என்று தனி வீடுகளில் பட்டியல் இன்னும் நீளம். வீட்டு வேலைக்கு வருபவர்களையும் இங்கே சொல்ல வேண்டும். ஜன்னல் துடைக்க முக்காலி மேல் ஏறுபவரும் ஒட்டடை அடிப்பவரும் நம் வீட்டில்தான் விழுகிறார்கள். பழைய வகை வீட்டுத் தொகுப்புப் பாலிசிகளில் பொதுப் பொறுப்புக்கும் வீட்டுப் பணியாளருக்குமான பிரிவு உண்டு. தனியாகத் தேர்வு செய்தால் மட்டுமே அது நடைமுறைக்கு வரும். அசோக் நகர் அம்மாவிடம், எந்தெந்தப் பிரிவுகள் சேர்ந்திருக்கின்றன என்று காட்டும் பாலிசி ஷெட்யூலை எடுத்து அந்த வரியைப் படிக்கச் சொன்னேன். 'தேர்வு செய்யப்படவில்லை' என்று இருந்தது. ஆறு ஆண்டுகளாகப் புதுப்பித்து வந்த பாலிசி அது.

இந்தக் காப்பீடு எதையெல்லாம் தராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேண்டுமென்றே செய்தது, நம் குடும்பத்தாருக்கே நேர்ந்தது, வண்டியால் வந்தது, தொழில் சார்ந்தது, நம் பொறுப்பில் வைத்திருந்த பிறர் பொருள் ஆகியவை வழக்கமான விலக்குகள். வாடகைக்கு இருப்பவர்கள் இந்தக் கடைசி விலக்கைக் கவனிக்க வேண்டும். அண்டை வீட்டாருக்கு நேர்ந்த சேதத்துக்குப் பாதுகாப்பு இருந்தும், வீட்டு உரிமையாளரின் சுவருக்கு இல்லாமல் போகலாம். குளியலறைத் தளத்தின் வழியாக மாதக்கணக்கில் கசியும் நீரை 'படிப்படியான கசிவு' என்று பெரும்பாலும் தள்ளிவிடுவார்கள். சென்னை அடுக்குமாடிகளில் அதிகச் சண்டை வருவதே இந்தக் கசிவால்தான். அதற்குக் காப்பீடு தேடாமல் பிளம்பரைத் தேடுவதே வழி.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. சட்டப்படி நமக்குப் பொறுப்பு இருந்தால்தான் நிறுவனம் பணம் தரும். தேக்கிவைத்த தண்ணீர் பக்கத்துச் சுரங்கத்தில் புகுந்த வழக்கில் 1868இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் அவை, கவனக்குறைவு இல்லாவிட்டாலும் பொறுப்பு உண்டு என்று தீர்ப்பளித்தது. வீட்டுக் குழாய்த் தண்ணீர் இயல்பான பயன்பாடு என்பதால் அந்தக் கடுமையான விதி அதற்குப் பொருந்துவதில்லை. குழாய் பழசாகியும் மாற்றவில்லை, திறந்துவிட்டு ஊருக்குப் போனார் என்பது போன்ற கவனக்குறைவு தெரிய வேண்டும். மனிதாபிமானத்தால் நாமாகக் கொடுக்கும் தொகையைப் பாலிசி திருப்பித் தராது.

சரி, தேவையா? மருத்துவக் காப்பீடும், சம்பாதிப்பவருக்கு ஆயுள் காப்பீடும், வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடும் இல்லாத குடும்பம் முதலில் அவற்றை எடுக்கட்டும். அவை இருக்கும் குடும்பத்தில், தரைத்தளத்துக்கு மேலே குடியிருப்பவர்களுக்கும், நாய் வளர்ப்பவர்களுக்கும், மரமும் மதிலும் உள்ள தனி வீட்டாருக்கும், தினமும் வேலைக்கு ஆள் வரும் வீட்டாருக்கும் இது தேவை என்றே சொல்வேன். தரைத்தளத்தில் சிறு வாடகை வீட்டில், இவை எதுவும் இல்லாமல் இருப்பவர் இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. தொலைக்காட்சி பழுதாவதற்கும் கண்ணாடி உடைவதற்கும் கூடுதல் பிரீமியம் கட்டிவிட்டு இந்தப் பிரிவை விட்டுவிடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தொலைக்காட்சியின் விலை நமக்குத் தெரியும். அடுத்தவரின் முறிந்த இடுப்பெலும்புக்கு என்ன விலை என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது.

வாங்கும்போது, வீட்டுப் பாலிசியோடு மூன்றாம் நபர் பொறுப்பைச் சேர்க்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். ஒரு விபத்துக்கு எவ்வளவு, ஓர் ஆண்டு முழுவதற்கும் எவ்வளவு என இரண்டு வரம்புகள் இருக்கும், இரண்டையும் பாருங்கள். வீட்டுக்கு வெளியே நடப்பதும் அடங்குமா, வழக்குச் செலவு வரம்புக்குள்ளா வெளியிலா, முதலில் நாம் ஏற்க வேண்டிய தொகை எவ்வளவு என்பவற்றையும் கேளுங்கள். லிஃப்ட், மேல்தொட்டி, பொது மதில் ஆகியவை சங்கத்தின் பொறுப்பு என்பதால், சங்கத்தின் பெயரில் பாலிசி இருக்கிறதா என்று பொதுக்குழுவில் கேட்பது உறுப்பினரின் உரிமை.

விபத்து நடந்துவிட்டால் முதலில் அடிபட்டவரைக் கவனியுங்கள். பிறகு படம் எடுங்கள், வெடித்த குழாயைத் தூக்கி எறியாமல் வையுங்கள், அன்றே நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். "தப்பு எங்களுடையது, முழுப் பணமும் தருகிறோம்" என்று நிறுவனத்தின் சம்மதமின்றி எழுதிக் கொடுத்தால் பாலிசி நிபந்தனையை மீறியதாகிவிடும்; வருத்தம் தெரிவிப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. பாதிக்கப்பட்டவரிடமிருந்து எழுத்துமூலக் கோரிக்கை வேண்டும். "எதிர்வீட்டுக்காரர் எனக்கு நோட்டீஸ் அனுப்பணுமா?" என்று பலர் தயங்குகிறார்கள். அது பகையின் அடையாளம் இல்லை, நிறுவனத்தின் கோப்புக்குத் தேவையான தாள். இருவரும் சேர்ந்து உட்கார்ந்தே அதை எழுதலாம். கோரிக்கையை நிறுவனம் காரணமின்றி மறுத்தால் முதலில் அதன் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலும் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அங்கே கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டியதில்லை. 50 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு வழங்க உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு உண்டு.