கண்ணாடிக் குழாயில் இருபது நிமிடம்

அயோத்தியாப்பட்டணம் பக்கம் மரவள்ளிக் காட்டில் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாவை, பைக்கில் நடுவே உட்காரவைத்து, இருட்டும் நேரத்தில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். கணுக்காலில் இரண்டு பற்குறிகள். முழங்காலுக்குக் கீழே பழைய சேலைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே கால் கருநீலமாகிவிட்டிருந்தது. "ஊசியைப் போடுங்கள் சார், ஏன் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள்?" என்று மகன் அழுதார்.

அவருடைய பதற்றம் எனக்குப் புரிந்தது. ஆனால் பாம்புக்கடியில் முதலில் தெரியவேண்டியது விஷம் உடலில் ஏறியிருக்கிறதா என்பதுதான். கடிக்கும் பாம்பெல்லாம் விஷப்பாம்பு இல்லை. விஷப்பாம்பும் சில வேளை விஷத்தை இறக்காமல் கடித்துவிட்டுப் போகும். விஷமுறிவு மருந்தோ குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கப்படுவது. சிலருக்கு அது கடும் ஒவ்வாமையைக் கிளப்பி, ரத்த அழுத்தத்தையே சரித்துவிடும். எனவே அட்ரினலின் ஊசியைப் பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டுதான் மருந்தைத் தொடங்குகிறோம்.

அந்த அம்மாவிடம் 2 மில்லி ரத்தம் எடுத்துக் கண்ணாடிச் சோதனைக் குழாயில் விட்டு, அசைக்காமல் வைத்தோம். சரியாக 20 நிமிடம் கழித்து ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்த்தோம். நல்ல ரத்தமாக இருந்தால் கட்டியாக உறைந்து அடியில் நின்றிருக்கும். அவருடையது தண்ணீராக வழிந்து குழாயின் வாய்வரை வந்தது. கண்ணாடி விரியனின் விஷம் ரத்தத்தின் உறையும் பொருள்களைத் தின்று தீர்த்துவிட்டதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். அப்போதே 10 குப்பி மருந்தைச் சலைனில் கலந்து ஏற்றத் தொடங்கினோம். மருந்து ஏறிய பிறகுதான் காலின் கட்டை மெல்லத் தளர்த்தினோம். வீட்டிலோ வழியிலோ திடீரென அவிழ்த்தால், தேங்கிய விஷம் மொத்தமாக உடலுக்குள் பாயும். அதைவிட நல்லது கட்டாமலே இருப்பது. காலை அசைக்காமல் 108 ஆம்புலன்ஸில் படுக்கவைத்துக் கொண்டுவந்தால் போதும்.

இந்தச் சோதனைக்குக் குழாய் புதிதாக, உலர்ந்ததாக, கண்ணாடியாலானதாக இருக்கவேண்டும். ரத்தத்தை உறையத் தூண்டுவதே கண்ணாடிதான். பிளாஸ்டிக்கிலும், சோப்புப் போட்டுக் கழுவிய குழாயிலும் நல்ல ரத்தம்கூட உறையாமல் ஏமாற்றும். நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில், கழுவிய குழாயை நம்பி, விஷமே ஏறாத ஒருவருக்கு மருந்து ஏற்றினோம். பத்து நிமிடத்தில் உடலெங்கும் தடிப்பும் மூச்சுத் திணறலும் வந்துவிட்டன. பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து குழாயை நானே பார்த்தெடுக்காமல் விடுவதில்லை.

வாய் ஈறிலிருந்து ரத்தம் கசிந்தால் குழாய்க்காகக் காத்திருக்கக் கூடாது. கட்டுவிரியன் கடிக்குக் குழாயால் பயனும் இல்லை; அதன் விஷம் தாக்குவது நரம்பை. தரையில் படுத்துத் தூங்கியவர் விடியலில் வயிற்றுவலி என்று எழுந்து, இமை தொங்க, பேச்சுக் குழற வந்தால், பற்குறி கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சந்தேகப்படவேண்டும்.

குழந்தைக்கு மருந்தைக் குறைக்கச் சொல்லிப் பெற்றோர் கெஞ்சுவதுண்டு. கடித்த பாம்பு குழந்தை என்று பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லையே! அளவு பெரியவர்களுக்கு உள்ளதேதான். முதல் தவணை முடிந்து 6 மணி நேரம் கழித்து மறுபடி குழாயில் பார்ப்போம். உறையும் பொருள்களைக் கல்லீரல் மீண்டும் உண்டாக்க ஏறக்குறைய அவ்வளவு நேரம் பிடிக்கும். அந்த அம்மாவின் இரண்டாவது குழாயில் ரத்தம் உறைந்து நின்றது. சிறுநீரகத்தைக் கண்ணாடி விரியன் தாமதமாகவும் தாக்கும் என்பதால், சிறுநீரின் அளவை மூன்று நாள் எழுதிக்கொண்டே இருந்தோம்.

சேர்வராயன் மலையிலிருந்து வருபவர்களின் கதை வேறு. சில மாதம் கழித்து, ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் பழம் பறித்துக்கொண்டிருந்த ஒருவர், 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்து சேர்ந்தார். செடியோடு செடியாகச் சுருண்டிருந்த பச்சைநிற மூங்கில் விரியன் புறங்கையில் கடித்திருந்தது. கை முழங்கை வரை வீங்கியிருந்தது. "பெரிய ஊசியைப் போட்டுவிடுங்கள், செலவைப் பற்றிக் கவலை இல்லை" என்றார் தோட்ட மேஸ்திரி. நம் நாட்டு விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் விஷத்துக்கு எதிராகத் தயாரிக்கப்படுவது. அதற்கான விஷத்தைச் சேகரித்துத் தருவதில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. மூங்கில் விரியன் அந்த நான்கில் இல்லை. அதன் கடிக்கு இந்த மருந்தைக் கொடுத்தால் நோயாளிக்கு மிஞ்சுவது ஒவ்வாமை ஆபத்து மட்டுமே. இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்வதற்கு, மருந்தைக் குறித்துக் கொடுப்பதைவிட அதிக நேரம் பிடித்தது.

கையைத் தூக்கிவைத்தோம், வலிக்கு மருந்து கொடுத்தோம், வீக்கத்தின் எல்லையைப் பேனாவால் கோடிட்டு வைத்தோம், நேரம் தவறாமல் ரத்தத்தைக் குழாயில் பார்த்தோம். மேஸ்திரி இரவெல்லாம் கடிகாரத்துக்கும் குழாய்க்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார். விடியற்காலையில் வைத்த குழாயை அவர் கண்முன்னேயே சாய்த்தேன். ரத்தம் கட்டியாக அடியில் நின்றது. கோட்டைத் தாண்டி வீக்கமும் ஏறவில்லை.