மெம்பர் பங்ஷன் பொயின்டர்: பெரட்டிலேயே பிரித்துவிடும் வேலை

தேயிலை ஸ்டோரில் கொழுந்து வாட்டும் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வலையின் மேல் பச்சைக் கொழுந்து பரப்பியிருக்கும், விசிறி கீழிருந்து காற்றைத் தள்ளும். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் மழை பிடித்துவிட்டால் காற்றே ஈரம், அதனால் சூட்டுக் காற்றும் கலக்க வேண்டும். இந்த வேலையை எஸ்டிஎம்32 என்ற ஆர்ம் சிப் உள்ள ஒரு சிறு கணினிப் பலகையிடம் ஒப்படைப்பதாக வைப்போம். நான்கு தொட்டிகள் இருப்பதால் சி++இல் ‘தொட்டி’ என்று ஒரு கிளாஸும் அதன் நான்கு ஒப்ஜெக்ட்டுகளும் வேண்டும். ஈரம்பார், விசிறிபோடு, சூடுகல என்பவை அதன் மெம்பர் பங்ஷன்கள், அதாவது அந்தக் கிளாஸுக்கே உரிய வேலைகள். ஜிசிசி கொம்பைலரின் 10ஆம் பதிப்பு முதல் இந்தப் பெயர்களைத் தமிழிலேயே கோடில் எழுதலாம்.

சிக்கல் டைமரில் தொடங்குகிறது. டைமர் லைப்ரரி சி மொழியில் எழுதப்பட்டது. அது கேட்பது சாதாரண பங்ஷன் ஒன்றின் முகவரியும், வகை சொல்லாத ஒரு வொயிட் பொயின்டரும்தான். அதனிடம் &தொட்டி::ஈரம்பார் என்று கொடுத்தால் கொம்பைலர் மறுத்துவிடும். எந்தத் தொட்டியின் ஈரம் என்று தெரியாமல் அந்தப் பங்ஷன் ஓடவே முடியாது. அதற்கு ‘திஸ்’ என்ற மறைவான பொயின்டர் ஒன்று கூடவே போயாக வேண்டும்.

பலரும் நினைப்பதுபோல் &தொட்டி::ஈரம்பார் என்ற இந்த மெம்பர் பங்ஷன் பொயின்டர் வெறும் முகவரியும் அல்ல. ஜிசிசியிலும் கிளாங் கொம்பைலரிலும் அது இரண்டு சொற்கள் அகலம் (சிப் ஒரே தடவையில் கையாளும் அளவுதான் ஒரு சொல்): 32 பிட் ஆர்ம் சிப்பில் 8 பைட், 64 பிட் லினக்ஸில் 16 பைட். முதல் சொல்லில் பங்ஷனின் முகவரி, அல்லது வேர்ச்சுவல் பங்ஷன் (பிறந்த கிளாஸ் மாற்றி எழுதக்கூடியது) என்றால் கிளாஸின் பங்ஷன் அட்டவணையில் அதன் இடம். இரண்டாவது சொல் திஸ்ஸை எத்தனை பைட் நகர்த்த வேண்டும் என்பதைச் சொல்லும். வேர்ச்சுவலா இல்லையா என்பதற்கு ஒரு பிட் அடையாளம் வேண்டும். எக்ஸ்86இல் அது முதல் சொல்லின் கடைசி பிட். ஆர்மில் அந்த பிட் தம்ப் என்ற சுருக்கக் கட்டளை வகையைக் குறிக்க ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருப்பதால் அடையாளம் இரண்டாவது சொல்லுக்குப் போய்விடுகிறது. மைக்ரோசொஃப்ட் கொம்பைலரில் கிளாஸின் பரம்பரையைப் பொறுத்து இதே பொயின்டர் 64 பிட்டில் 8 முதல் 24 பைட் வரை மாறும். ஆகவே இதை வொயிட் பொயின்டராக மாற்றிச் சேமிக்கப் பார்க்காதீர்கள்.

ஓடும் நேரத்தில் இந்தப் பொயின்டர் வழியே கூப்பிட்டால் ஒவ்வொரு முறையும் பிட்டைப் பார்த்து, திஸ்ஸை நகர்த்தி, முகவரியை எடுத்துத் தாவ வேண்டும். மலைக்குப் போன பிறகு “எனக்கு எந்த நிரை?” என்று கங்காணியைத் திரும்பத் திரும்பக் கேட்பது போன்றது இது. காலைப் பெரட்டிலேயே, அதாவது ஆட்கள் கூடி வேலை வாங்கும் இடத்திலேயே, பிரித்துக் கொடுத்துவிட்டால் அந்தக் கேள்வி எழாது. சி++இல் அந்தப் பெரட்டு, கொம்பைல் நேரம்.

பொயின்டரை பங்ஷனுக்கு ஆர்கியூமென்ட்டாகத் தராமல் டெம்ப்ளேட் ஆர்கியூமென்ட்டாகத் தருவதுதான் வழி. டெம்ப்ளேட் என்பது கொம்பைல் நேரத்திலேயே நிரப்பப்படும் ஓர் அச்சு. சி++17இல் ‘ஓட்டோ’ வகை டெம்ப்ளேட் பராமீட்டர் வந்த பிறகு பொயின்டரின் முழு வகையையும் முன்கூட்டி எழுத வேண்டியதில்லை. வொயிட் பொயின்டர் ஒன்றை வாங்கும் சாதாரண டெம்ப்ளேட் பங்ஷனை எழுதுங்கள். உள்ளே அந்தப் பொயின்டரை தொட்டி வகைக்கு ஸ்டட்டிக்காஸ்ட் (வகை மாற்றம்) செய்து ‘தொ’ என்று வைத்து, டெம்ப்ளேட்டுக்குக் கொடுத்த மெம்பர் பொயின்டரை ‘வேலை’ என்று அழைத்து, (தொ->*வேலை)() என்று கூப்பிடுங்கள். வெளி அடைப்புக்குறியை விட்டுவிட்டால் மொழி அழைப்பை முதலில் கட்டிவிடும், கோட் கொம்பைல் ஆகாது. இந்த இடைப் பங்ஷனின் முகவரி சாதாரண 4 பைட் முகவரி, டைமர் அதை ஏற்றுக்கொள்ளும். ‘வேலை’ எது என்பது கொம்பைலருக்கு முன்பே தெரியும் என்பதால் அது நேரடி அழைப்பாகும், சிறிய பங்ஷன் என்றால் அங்கேயே கரைந்தும் விடும்.

நான்கு தொட்டி, மூன்று வேலை, ஆக 12 பதிவுகள். மெம்பர் பொயின்டரையும் ஒப்ஜெக்ட் முகவரியையும் வைத்தால் பதிவுக்கு 12 பைட், மொத்தம் 144. இடைப் பங்ஷன் முறையில் 96. ஒப்ஜெக்ட்டுகள் குளோபலாக இருந்து அவற்றின் முகவரியையும் டெம்ப்ளேட்டுக்கே கொடுத்தால் 48 மட்டுமே, ஆனால் 3 இடைப் பங்ஷன்களுக்குப் பதில் 12 உருவாகி ஃபிளாஷில் இடம் பிடிக்கும். 20 கேபி ரேம் உள்ள எஸ்டிஎம்32எஃப்103இல் இந்த மிச்சம் பெரிதல்ல. தவறான வகைகள் பலகையில் ஏறுவதற்கு முன்பே பிடிபடுவதுதான் பெரிய ஆதாயம்.

பிடிபடாத பிழை ஒன்று உண்டு, அதுதான் ஆபத்தானது. தொட்டி கிளாஸ் ‘பதிவு’, ‘விசிறி’ என்ற இரண்டு கிளாஸ்களிலிருந்து அந்த வரிசையில் பிறந்தது என்று வைப்போம். நிறுத்து என்ற பங்ஷன் விசிறியில் இருக்கிறது. &தொட்டி::நிறுத்து என்று எழுதினாலும் அதன் வகை விசிறியின் மெம்பர் பொயின்டர்தான். டெம்ப்ளேட் அந்த வகையிலிருந்து கிளாஸைத் தானே கண்டுபிடித்தால், வொயிட் பொயின்டரை விசிறியாக மாற்றும். ஆனால் நாம் கொடுத்தது தொட்டியின் தொடக்க முகவரி, அங்கே இருப்பதோ பதிவு. பதிவு 12 பைட் என்றால் விசிறி 12 பைட் தள்ளி இருக்கும். பதிவின் பைட்டை விசிறி மாட்டிய சிப் காலின் (பின்) நம்பராக வாசித்து வேறு பின்னை அணைத்துவிடும், கொம்பைலர் எச்சரிக்கையும் தராது. கிளாஸைத் தனி டெம்ப்ளேட் பராமீட்டராகக் கொடுத்து, முதலில் தொட்டியாக மாற்றுங்கள். அந்த 12 பைட்டைக் கொம்பைலரே கூட்டிக்கொள்ளும்.

ஒரே பெயரில் இரண்டு பங்ஷன்கள் இருந்தால் ஓட்டோவால் தேர்ந்தெடுக்க முடியாது. முழு வகையையும் சொல்லி ஸ்டட்டிக்காஸ்ட் செய்ய வேண்டும். ‘நோஎக்செப்ட்’டும் சி++17 முதல் வகையின் பகுதி. கொன்ஸ்ட், வொலட்டைல், இரண்டு ரெஃபரன்ஸ் குறிகள், நோஎக்செப்ட் எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரே வடிவத்துக்கு 24 மாறுபாடுகள் வரும், சி பாணி மூன்று புள்ளி ஆர்கியூமென்ட்டையும் எண்ணினால் 48. அத்தனைக்கும் டெம்ப்ளேட் எழுதுவதைவிட ‘இஸ்இன்வோக்கபிள்’ கொண்டு கூப்பிட முடியுமா என்று மட்டும் சோதிப்பது நல்லது.

வேர்ச்சுவல் பங்ஷனை டெம்ப்ளேட்டுக்குக் கொடுத்தாலும் அட்டவணைத் தேடல் பொதுவாகப் போகாது. கிளாஸுக்கு ‘ஃபைனல்’ போட்டால் கொம்பைலர் துணிந்து நேரடியாக அழைக்கக்கூடும், ஆனால் அது உறுதியில்லை. நடந்ததா என்று பார்க்க, சிப்பின் கட்டளைகளை வரிசையாகக் காட்டும் ஒப்ஜெடம்ப் கருவியில் இடைப் பங்ஷனைத் திறந்து பாருங்கள். பங்ஷனின் பெயரோடு ‘பி’ அல்லது ‘பிஎல்’ கட்டளை இருந்தால் நேரடி அழைப்பு. ரெஜிஸ்டரோடு ‘பிஎக்ஸ்’ அல்லது ‘பிஎல்எக்ஸ்’ மூலம் வேலைக்குத் தாவினால் தேடல் இன்னும் ஓடும் நேரத்தில்தான் நடக்கிறது.