உரிந்த பெயின்ட், தேய்ந்த பெயின்ட்: ஜப்பானியப் போர் விமான மாதிரிகளில் ப்ரைமரின் பங்கு

இரண்டாம் உலகப் போர்க்கால ஜப்பானிய விமானம் என்றதுமே மாதிரி செய்பவர்கள் பலருக்குக் கை பரபரக்கிறது. பச்சை பெயின்ட் திட்டுத் திட்டாக உரிந்து, அடியில் வெள்ளி நிறம் பளிச்சிட வேண்டும் என்று நினைக்கிறார்கள். சில விமானங்களுக்கு அது மிகச் சரி. எல்லாவற்றுக்கும் அதையே செய்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பெயின்ட் உரியுமா, தேயுமா என்பது பெரும்பாலும் அடியில் ப்ரைமர், அதாவது பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு, இருந்ததா என்பதைப் பொறுத்தது.

அலுமினியத்தில் காற்றுப் பட்டவுடன் சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு படலம் உருவாகிவிடுகிறது. வழவழப்பான அந்தத் தகட்டில் நேரடியாக அடித்த பெயின்டுக்குப் பிடிமானம் குறைவு. எண்ணெய்ப் பிசுக்குள்ள சுவரில் சுண்ணாம்பு அடித்த கதைதான்.

கவாசாகி நிறுவனத்தின் கி-61 ஹியென் இதற்கு நல்ல சான்று. 1943இல் நியூகினி போர்முனைக்குப் போன இந்த ராணுவ விமானங்களில் பல, தொழிற்சாலையிலிருந்து வெற்று உலோகமாகவே வெளிவந்தவை. பச்சைத் திட்டுகளைப் பின்னர்தான் தெளித்தார்கள். பறக்கும்போது தகடு நெளியும். தரையில் கொளுத்தும் வெயில், உயரத்தில் உறைய வைக்கும் குளிர். உலோகமும் பெயின்டும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்கும். ரிவெட் தலைகளிலும் தகட்டு விளிம்புகளிலும் முதல் விரிசல் விழும். அதன் வழியே ஈரம் புகும். தூக்கி நிற்கும் விளிம்பை எதிர்க்காற்று பிய்த்தெடுக்கும்.

கடற்படையின் ஜீரோ போர் விமானம் வேறு வகை. உப்புக்காற்றில் இயங்க வேண்டிய அதற்குச் செம்பழுப்பு ப்ரைமர் அடித்தார்கள். அதில் பெயின்ட் பாளம் பாளமாக உரிவதில்லை, வெளிறும், மெலியும். விமானி காலூன்றி ஏறும் இடத்தில், இறக்கை விமான உடலோடு சேரும் பகுதியில், மேல்நிறம் தேய்ந்து முதலில் செம்பழுப்புத் தெரியும். அதன் நடுவில்தான் உலோகம் எட்டிப் பார்க்கும். 1942 ஏப்ரலில் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பி கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கிய ஜீரோக்களைச் செய்கிறவர்கள் வெள்ளித் திட்டுகளைத் தவிர்ப்பதே முறை. கடற்படை விமானம் என்பதை மட்டும் வைத்தும் முடிவு செய்துவிடக் கூடாது: போரின் கடைசிக் காலத்துக் கடற்படை விமானமான ஷிடென்-காயின் படங்களில் பெயின்ட் தாராளமாகவே உரிந்திருக்கிறது.

உரிதலைக் காட்ட ஹேர் ஸ்ப்ரே முறைக்கு இணையில்லை. வெள்ளி நிற லாக்கர் பெயின்ட் நன்கு காய்ந்தபின் ஹேர் ஸ்ப்ரே, அதன்மேல் மெல்லிய அக்ரிலிக் பச்சை. பிறகு வெதுவெதுப்பான நீரில் நனைத்த தூரிகையால் ஒற்ற வேண்டும். நீர் அக்ரிலிக் படலத்தை ஊடுருவி அடியிலுள்ள ஹேர் ஸ்ப்ரே பிசினை இளக்குகிறது. லாக்கரை அது ஒன்றும் செய்வதில்லை. பிடிமானம் போன பச்சை, நிஜத்தில் போலவே ஒழுங்கற்ற விளிம்போடு பெயர்கிறது. தேய்தலுக்கு இது உதவாது. வெள்ளி, செம்பழுப்பு, பச்சை என்று அடுக்கி, மிக நுண்ணிய உப்புத்தாளை நீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்தால் நிறங்கள் வளையம் வளையமாக வெளிப்படும்.

அளவிலும் கவனம் வேண்டும். நிஜ விமானத்தில் 1 செ.மீ. அகலத் திட்டு, 1/48 மாதிரியில் 0.2 மி.மீ.தான். ஜீரோவின் வால்சுக்கான், உயர்த்திகள், அய்லரான்கள் எனப்படும் இறக்கை ஓரத்து அசையும் பாகங்கள் ஆகியவற்றின் மேற்பரப்பு துணி. அங்கே தகடு தெரிவதுபோல் உரித்துக் காட்டவே கூடாது.