தீப்பிடியாத சீலிங்

பரந்தனில் உறவினர் ஒருவரின் புது வீட்டுக்கு பிவிசி சீலிங் அடித்துக்கொண்டிருந்தார்கள். "அண்ணை, இது தீப்பிடியாது" என்ற பாஸ், வெட்டி எறிந்த துண்டொன்றில் லைட்டரைப் பிடித்துக் காட்டினார். சுவாலை பட்ட இடம் வளைந்து, கறுத்து, பொருமியது. லைட்டரை எடுத்ததும் அணைந்துவிட்டது. "பாத்தியளோ?" என்றார். பார்த்தேன்தான். ஆனால் நின்றவர்கள் எல்லோரும் இருமினோம், அவரும் சேர்த்து.

அந்த இருமலுக்கும் பரந்தனுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. ஒரு காலத்தில் இங்கிருந்த இரசாயனத் தொழிற்சாலையில் உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சி கோஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுத்தார்கள். பிவிசியின் நிறையில் ஏறக்குறைய 57 சதவீதம் அதே குளோரின்தான். பாதிக்கு மேல் உப்பின் பிள்ளை என்பதால் அது லேசில் பற்றாது. பாஸ் பொய் சொல்லவில்லை.

ஆனால் பற்றாவிட்டாலும் சூட்டில் சிதையும். 250 பாகை செல்சியஸ் அளவில் குளோரின் ஐதரசனையும் இழுத்துக்கொண்டு, ஐதரசன் குளோரைட்டு வாயுவாக வெளியேறத் தொடங்கும். சுவாலையை அடக்குவதும் அந்த வாயுதான். அதுவே கண், தொண்டை, நுரையீரல் என்று ஈரமுள்ள இடத்தில் பட்டால் ஐதரோகுளோரிக் அமிலமாகிவிடும். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் தொடாதே என்று வைத்திருந்தார்களே, அதே அமிலம். உண்மையான தீயில் லைட்டரை எடுக்க யாரும் இல்லை. கீழே மெத்தை எரிய எரிய, மேலே சீலிங் வெந்துகொண்டே இருக்கும்.

மெத்தைக்குள் இருப்பது பெரும்பாலும் பொலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் நுரை. அதில் நைதரசன் உண்டு. காற்றுப் போதாமல் எரிந்தால் காபனோரொட்சைட்டோடு ஐதரசன் சயனைட்டும் வரும். காபனோரொட்சைட்டு, இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினை ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். சயனைட்டோ, வந்துசேர்ந்த ஒட்சிசனைக்கூடக் கலங்கள் பயன்படுத்த விடாது. ஒன்று லொறியை மறிக்கிறது, மற்றது வந்த சாமானை இறக்க விடாமல் நிற்கிறது. காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை. தூங்குகிறவர் தூங்கியபடியே போய்விடலாம்.

கிடுகு வீடு எரிவதை வன்னியில் பார்க்காதவர் குறைவு. சில நிமிடத்தில் கூரை போய்விடும், ஆனால் புகையும் அதோடு வானத்துக்குப் போய்விடும். சீலிங் அடித்துக் கண்ணாடி யன்னல் பூட்டிய அறையில் அதற்கு வழியில்லை. மேலே தேங்கி, தடித்து, கீழே இறங்கும். கொஞ்ச நேரத்துக்கு நிலத்தோடுதான் மூச்சுவிடக்கூடிய காற்று இருக்கும். அதனால்தான் தவழ்ந்து வெளியே வரச் சொல்கிறார்கள்.

தறப்பாள் வேறு ரகம். அது பொலித்தீன், குளோரின் இல்லை, நன்றாகவே எரியும். ஒரு கிலோ எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு கிலோ மண்ணெண்ணெயின் வெப்பம். காய்ந்த விறகைப்போல இரண்டரை மடங்கு. உருகி, எரிந்தபடியே சொட்டும். 2017இல் லண்டன் கிரென்ஃபெல் மாடிக் கட்டடத்தில் 72 பேர் இறந்த தீயில், வெளிச்சுவர்த் தகடுகளின் நடுவே இருந்ததும் பொலித்தீன்தான். 2009இல் முகாமில் தறப்பாளின் ஓரத்தில் அடுப்பு மூட்டியதை நினைத்தால் எனக்கு இப்போதுதான் பயம் வருகிறது.

சரி, பாஸிடம் வருவோம். சீலிங்குக்கு மேலே வயர் மூட்டுகளை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"ரேப் சுத்தியிருக்கு, அண்ணை."

ஏணியைக் கேட்டேன்.